பெரட்டில் இரண்டு வாளிகள்

கொஞ்சம் உரக்கப் பேசுங்கள், ஐயா. எனக்குக் காது மந்தம். நாற்காலியை இந்தப் பக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டால் நல்லது, இடது காது பரவாயில்லை. தேநீரில் சீனி போதவில்லை என்றால் மன்னிக்க வேண்டும். ஜப்பான்காரன் போய் ஒரு வருடமாகியும் சீனி இன்னும் ஒழுங்காக வருவதில்லை.

ராக்கம்மாவையும் கூட்டி வந்திருக்கிறீர்கள். அவள் வெளியே பெஞ்சிலேயே இருக்கட்டும், கதவு மட்டும் திறந்திருக்கட்டும். அவளைப் பற்றியும் சொல்ல வேண்டியிருக்கிறது.

உங்கள் மடியில் இருக்கும் காகிதக் கட்டு நான் எழுதியதுதான். அறுபத்தெட்டுப் பக்கம். ஐரோப்பா வரைக்கும் போய், அங்கிருந்து சர்க்கார் கைக்கு வந்து, இப்போது விசாரணைக்கு வந்த உங்களோடு இந்த ரப்பர் தோட்டத்துக்கே திரும்பியிருக்கிறது. முழுவதும் படித்தேன் என்றீர்கள். அதற்கு நன்றி. அதைப் பற்றி ஒருவரிடம் உட்கார்ந்து பேச வேண்டும் என்று நான்கு வருடமாக ஆசைப்பட்டேன். இங்கே யாரிடம் பேசுவது? தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் டிரெஸ்ஸர் உத்தியோகம் அப்படி. ஆபீஸ் கிராணிமார்கள் என்னைத் தங்கள் பந்தியில் உட்கார வைக்க மாட்டார்கள். லயத்துக் கூலி ஜனங்கள் என்னைக் கண்டால் எழுந்து நிற்பார்கள். எழுந்து நிற்கிறவனோடு என்ன பேச முடியும்? ரஹாங்கில் அம்மா இறந்த பிறகு எனக்கென்று வீட்டில் யாருமில்லை. பதினைந்து நாளைக்கு ஒரு முறை சிரம்பானிலிருந்து வெள்ளைக்கார டாக்டர் வருவார். அவரோடு பேசும் கால் மணி நேரம்தான் எனக்குப் பேச்சு.

இந்தக் கட்டை நான் எந்தப் பதக்கத்துக்கு அனுப்பினேனோ, அதைப் பற்றிச் சொன்னவரும் அவர்தான். ஒரு வைத்தியப் பத்திரிகையில் வந்திருந்தது. மனித குலத்துக்கு உதவும் அறிவியலுக்கும் கலைக்கும், நாடு, நிறம், பட்டம் எதுவும் பாராமல், ஐந்து வருடத்துக்கு ஒரு முறை தரும் தங்கப் பதக்கம். டாக்டர் அதை வாசித்துவிட்டு, “மூர்த்தி, பட்டம் வேண்டாமாம். நீகூட அனுப்பலாம்” என்று சிரித்தார். விளையாட்டாகத்தான் சொன்னார். கணேசமூர்த்தி என்ற முழுப் பெயரை அவர் ஒரு நாளும் சொன்னதில்லை. அன்றைக்கு எனக்கு அவமானமாக இருந்தது, அதை மறைக்க வேண்டியதில்லை. பத்திரிகையை அவர் மேசையிலேயே விட்டுப் போனார். நான் எடுத்து வைத்துக்கொண்டேன்.

நாற்பத்திரண்டு ஜனவரியில் தோட்டத்துத் துரையும் டாக்டரும் காரில் ஏறி சிங்கப்பூர்ப் பக்கம் ஓடினார்கள். வெள்ளைக்காரன் ஓடினான், கொய்னா ஓடவில்லை. காய்ச்சல் மருந்து முழுவதும் ஸ்டோர் அறையில் தகர டப்பாக்களில் அப்படியே இருந்தது. மருந்தையெல்லாம் கோலா பிலாவில் ஒப்படைக்க வேண்டும் என்று ஜப்பான்காரன் உத்தரவு போட்டான். நான் டிங்க்சரும் பஞ்சும் ஒப்படைத்தேன். கொய்னா டப்பாக்களைச் சவப்பெட்டிப் பலகைகளுக்குப் பின்னால் அடுக்கினேன். அங்கே யாரும் கைவைக்க மாட்டார்கள். பிடிபட்டிருந்தால் என் தலை போயிருக்கும். அந்த ஆபத்துக்கு நான் துணிந்தேன் என்பதையும் நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும்.

எங்கள் பெரட்டை நீங்கள் பார்த்ததில்லை அல்லவா? விடிந்ததும் ஜனங்கள் வரிசையில் நிற்பார்கள். வேலை வாங்கும் மண்டோர் பேர் கூப்பிடுவார். மலைக் காய்ச்சல் பிடிக்காமல் இருக்க ஆளுக்கு ஒரு கோப்பை கொய்னாத் தண்ணீர், என் கண் முன்னாலேயே குடிக்க வேண்டும். கசப்புக்குப் பயந்து வாயில் அடக்கி வைத்து, தள்ளிப் போய்த் துப்பிவிடுவார்கள். அதற்காக ஒரு வழக்கம் வைத்திருந்தோம். குடித்ததும் தன் பெயரை உரக்கச் சொல்ல வேண்டும். வாயில் தண்ணீர் இருந்தால் பெயர் வராது. குழந்தைகளையும் அப்படியே பழக்கினேன். வெறும் தண்ணீர் குடித்தால்கூடத் தன் பெயரைச் சொல்லும் குழந்தைகள் இந்தத் தோட்டத்தில் உண்டு.

புலாய் மரத்துப் பட்டை காய்ச்சலுக்கு நல்லது என்று மலாய்க்காரர்கள் சொல்வார்கள். கொய்னா தீர்ந்த பிறகு உலகத்துக்கே மாற்று வேண்டியிருக்கும். இதைவிட நல்ல ஆய்வு வேறென்ன? ஒரு பக்கம் இதைக் கொடு, மறுபக்கம் அதைக் கொடு, இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார், மற்றதெல்லாம் வெறும் கதை என்று டாக்டர் சொல்வார். எங்களுக்கு மேல் லயம், கீழ் லயம் என்று இரண்டு லயங்கள். மேல் லயத்தில் நூற்றுப் பன்னிரண்டு பேர், கீழ் லயத்தில் நூற்று ஒன்பது. ஒரே சோறு, சோறு போன பிறகு ஒரே மரவள்ளி, ஒரே கொசு. கடவுளே பிரித்து வைத்த மாதிரி இருந்தது.

இரண்டு வாளி வைத்தேன். மேல் லயத்து வாளியில் கொய்னா. கீழ் லயத்து வாளியில் பட்டைத் தண்ணீர். நிறம் ஒன்றாக இருக்க வேண்டும் என்று கொய்னாவிலும் இரண்டு கரண்டி பட்டைத் தண்ணீர் கலந்தேன். கசப்பு இரண்டிலும் இருந்தது. கசந்தால் மருந்து என்று ஜனங்கள் நம்பினார்கள்.

மூன்று மாதத்தில் விடை தெரிந்துவிட்டதே, அப்போதே ஏன் நிறுத்தவில்லை என்று நீங்கள் கேட்டீர்கள். நியாயமான கேள்வி. கீழ் லயத்தில் அதற்குள் ஒன்பது பேர் போயிருந்தார்கள். பட்டையால் ஒரு பயனுமில்லை என்பது எனக்குத் தெரிந்தது. ஆனால் எனக்குத் தெரிவது வேறு, ஐரோப்பாவில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு நிரூபிப்பது வேறு. ஒரு தோட்டத்து டிரெஸ்ஸர் மூன்று மாதக் கணக்கை அனுப்பினால் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பை நான் ஏற்கெனவே ஒரு முறை கேட்டிருக்கிறேன்.

இன்னொன்றும் செய்தேன். சயாம் ரயில் பாதைக்கு ஆள் பிடிக்க லோரி வந்தபோது, இரண்டு லயத்திலும் திடமாக இருந்தவர்களை எல்லாம் சாகிட், நோயாளி என்று எழுதிக் கொடுத்தேன். முதல் லோரியில் மட்டும், நான் எழுதிக் கொடுக்கத் தொடங்குவதற்கு முன்பே, பதினேழு பேர் போய்விட்டார்கள். ராக்கம்மாவின் புருஷன் வீரமுத்து அதில் ஒருவன். அதற்குப் பிறகு ஒரு ஆள்கூடப் போகவில்லை. மாரியம்மன் கோயிலில் எனக்கு மாலை போட்டார்கள். ஆட்கள் குறைந்தால் ஆய்வு கெட்டுவிடும் என்பதால்தான் செய்தேன் என்பதை அவர்களிடம் சொல்லவில்லை. மாலை போடும்போது அதைச் சொன்னால் நன்றாகவா இருக்கும்?

ராக்கம்மா கீழ் லயம். செல்லம் என்று ஆறு வயதில் ஒரு மகள் அவளுக்கு. நாற்பத்து மூன்றில், ஒரு மத்தியானம், பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு இதே வாசலில் வந்து நின்றாள். பிள்ளைக்கு இரண்டாவது முறையாகக் காய்ச்சல் கண்டிருந்தது.

“ஐயா, ஒண்ணு கேட்டா கோவிச்சுக்க மாட்டீங்களே?”

“கேள்.”

“வெள்ளக்காரன் காலத்துல இந்த மருந்தக் குடிச்சா காதுக்குள்ள வண்டு கத்துற மாதிரி இரையும். இப்ப எனக்கு இரையவே இல்லீங்க. எங்க லயத்துல பத்துப் பேர்கிட்ட கேட்டுட்டேன், யாருக்கும் இல்ல. மேல் லயத்து நீலாவதிக்கு இரையுதாம். முத்தாயிக்கும் இரையுதாம். அவங்க புள்ளைங்க எல்லாம் ஓடியாடுதுங்க, எங்க புள்ளைங்கதான் போகுதுங்க. ஏங்கய்யா?”

ஐயா, நான் பொய் சொல்லவில்லை. அந்த நிமிடம் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. கொய்னா தின்றால் காது இரையும் என்பது புத்தகத்தில் இருக்கிறது. எழுதப் படிக்கத் தெரியாத ஒருத்தி அதைத் தானாகக் கண்டுபிடித்து, இரண்டு லயத்திலும் விசாரித்து, பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்திருக்கிறாள். இந்தத் தோட்டத்தில் என்னைத் தவிர ஆய்வு செய்யத் தெரிந்த இன்னோர் ஆள் இருக்கிறாள் என்று தெரிந்தது. அவளை உட்காரச் சொன்னேன். தரையில் உட்காரப் போனவளை நாற்காலியில் உட்கார வைத்தேன், இப்போது நீங்கள் உட்கார்ந்திருக்கும் நாற்காலிதான். எல்லாவற்றையும் சொன்னேன். இரண்டு வாளி, பட்டை, கொய்னா, பதக்கம், எல்லாம். ஒரு மணி நேரம் பேசியிருப்பேன். அவ்வளவு நேரம் நான் யாரிடமும் பேசியதில்லை. அவளும் குறுக்கே பேசாமல் கேட்டாள்.

கடைசியில், “அப்ப அந்த ஒபாட், அந்த நெச மருந்து, இங்கதான் இருக்குங்களா?” என்றாள்.

“இருக்கிறது.”

“எம்புள்ளைக்கு ஒரு கோப்பை குடுங்கய்யா. நான் யார்கிட்டயும் வாயத் தெறக்க மாட்டேன்.”

இவ்வளவு சொல்லியும் அவளுக்கு விளங்கவில்லையே என்று வருத்தமாக இருந்தது. கீழ் லயத்தில் ஒரு குழந்தைக்குக் கொடுத்தாலும் கீழ் லயம் முழுவதும் வீணாகிவிடும், அதுவரை போன இருபத்திரண்டு உயிருக்கும் அர்த்தமில்லாமல் போய்விடும் என்று பொறுமையாக எடுத்துச் சொன்னேன். ஜப்பான்காரன் காதில் விழுந்தால் இரண்டு லயத்துக்கும் இல்லாமல் போகும் என்றும் சொன்னேன். அவள் என் காலைத் தொட்டுவிட்டு எழுந்து போனாள். ஒப்புக்கொண்டாள் என்றுதான் நினைத்தேன்.

நான்கு நாள் கழித்துப் பெரட்டில், மேல் லயத்து வரிசையில், நீலாவதியின் கையைப் பிடித்துக்கொண்டு ஒரு குழந்தை வந்தது. தலையில் துண்டைச் சுற்றி முகத்தைப் பாதி மூடியிருந்தார்கள். நீலாவதிக்கு அந்த வயதில் பஞ்சாலை என்று ஒரு மகள் உண்டு. நான் வாளியைப் பார்த்தபடி கோப்பையை நீட்டினேன். குழந்தை ஒரு சொட்டு சிந்தாமல் குடித்தது. பஞ்சாலை என்று சொல்லும்படி தாய் சொல்லிக் கொடுத்துத்தான் அனுப்பியிருப்பாள். ஆனால் நான் பழக்கிய பழக்கம் விடுமா? கோப்பையைக் கொடுத்துவிட்டு, வாயைத் திறந்து, “செல்லம்” என்றது.

நீலாவதி என் முகத்தைப் பார்த்தாள். கீழ் லயத்து வரிசையில் ராக்கம்மா பார்த்துக்கொண்டு நின்றாள்.

நான் கோபப்படவில்லை. குழந்தையை ஓரமாகத் தூக்கிப் போய், குனிய வைத்து, தொண்டைக்குள் விரலை விட்டேன். குடித்தது முழுவதும் வெளியே வந்துவிட்டது. வாயைக் கழுவி, துண்டால் துடைத்து, கீழ் லயத்து வாளியிலிருந்து ஒரு கோப்பை கொடுத்தேன். அதையும் குடித்துவிட்டுத் தன் பெயரைச் சொன்னது. நல்ல குழந்தை. முப்பத்தோராம் பக்கத்தில் இருக்கிறது பாருங்கள்: தவறுதலாக ஒரு வேளை, உடனே வெளியேற்றப்பட்டது. நான் எதையும் மறைத்து எழுதவில்லை.

பதினோராம் நாள் செல்லம் இறந்தது. பெட்டிக்குப் பலகை நான்தான் எடுத்துக் கொடுத்தேன். டப்பாக்கள் வெளியே தெரியாதபடி, முன் வரிசையிலிருந்து.

அதற்குப் பிறகும் ராக்கம்மா ஒரு நாள் தவறாமல் பெரட்டுக்கு வந்தாள். பட்டைத் தண்ணீர் என்று தெரிந்தே குடித்தாள். எல்லோரும் குடிக்க வராமல் நின்றுவிட்டால் ஜப்பான்காரன் வந்து மருந்தைத் தேடுவான், மேல் லயத்துப் பிள்ளைகளுக்கும் இல்லாமல் போகும் என்று நினைத்தாளோ என்னவோ. கோப்பையைக் கொடுக்கும்போது மட்டும் தன் பெயரைச் சொல்ல மாட்டாள். “செல்லம்” என்பாள். தினமும். மண்டோர் அதட்டிப் பார்த்தார். துக்கத்தால் புத்தி தடுமாற்றம் என்று நான் குறித்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகு அவள் இந்த நாற்காலியில் வந்து உட்கார்ந்ததில்லை. பல நாள் மத்தியானத்தில் கதவைத் திறந்து வைத்துக் காத்திருந்திருக்கிறேன். ஆய்வின் முடிவுகளை அவளிடம் சொல்ல வேண்டும் என்று இருந்தது. எனக்கு வேறு யார் இருக்கிறார்கள்?

மொத்தம் மேல் லயத்தில் மூன்று பேர், கீழ் லயத்தில் நாற்பத்தொருவர். வித்தியாசம் மிகத் தெளிவு. யாரும் மறுக்க முடியாது.

ஸ்டோர் அறையில் நீங்கள் பார்த்த ஐந்து கொய்னா டப்பாக்களைப் பற்றி மறுபடி கேட்கிறீர்கள். ஆமாம், திறக்காதவை. இரண்டு லயத்துக்கும் கொடுத்திருந்தால் போதாமல் போயிருக்கும் என்று முன்னுரையில் எழுதியிருக்கிறேன். நீங்கள் கணக்குப் பெருக்கிப் பார்த்தீர்களாம், கடைசி நாள் வரைக்கும் எல்லோருக்கும் போதியிருக்கும் என்கிறீர்கள். இருக்கலாம். நானும் நாற்பத்து மூன்றில் ஒரு முறை பெருக்கிப் பார்த்தேன். செல்லத்துக்கு இரண்டாவது காய்ச்சல் வருவதற்கு முன்னால். ஆம், தெரிந்துதான் செய்தேன். இதை எங்கே கையெழுத்திட வேண்டும் என்று காட்டுங்கள்.

நானா? நானும் குடித்தேன். தினமும் காலையில், பெரட்டுக்குப் போவதற்கு முன், கதவைச் சாத்திக்கொண்டு இரண்டு கோப்பை. குறிப்பெழுதுகிறவன் படுத்துவிட்டால் ஆய்வு என்னாவது? என்னை எந்த லயத்திலும் சேர்க்கவில்லை, அதனால் என் பெயர் அந்த அறுபத்தெட்டுப் பக்கத்தில் எங்கும் வராது, அட்டையைத் தவிர. முதலில் வண்டுச் சத்தம்தான் இருந்தது. மூன்றரை வருடத்தில் அது வளர்ந்து, மற்ற சத்தத்தையெல்லாம் தின்றுவிட்டது. இப்போது ஆட்கள் பக்கத்தில் வந்து பேசினால்தான் கேட்கிறது. யாரும் பக்கத்தில் வருவதில்லை.

கடைசிப் பக்கத்தைப் பார்த்தீர்களா? கூட உழைத்தவர் என்று ஒரே ஒரு பெயர் போட்டிருக்கிறேன். ராக்கம்மா, கீழ் லயம். பதக்கம் கொடுப்பவர்கள் கேட்டால் அவளையும் மேடைக்கு அழைக்க வேண்டும் என்று எழுதினேன். அவளுக்கு இது தெரியாது. நீங்கள் சொன்னீர்களா? சொல்லியிருக்கிறீர்கள். அதனால்தான் எழுந்து வாசலுக்கு வந்து நிற்கிறாள். எத்தனை வருடம் ஆயிற்று அவள் இந்த வாசலுக்கு வந்து. அதோ, என்னைப் பார்த்து ஏதோ சொல்கிறாள், உதடு அசைகிறது. எனக்குக் கேட்கவில்லை. ஒரே வார்த்தையைத்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறாள். தன் பெயரைத்தான் சொல்கிறாள் போலிருக்கிறது.