இரண்டு இழுப்பும் ஒரு சுண்டும்

டீ நன்றாக இருக்கிறது. சர்க்கரை கொஞ்சம் தூக்கல், ஆனாலும் குறை சொல்லமாட்டேன். வீட்டில் எனக்கு ஆறிப்போன டீதான் வரும். அந்த மின்விசிறியைக் கொஞ்சம் குறைத்து வைத்தால் நான் பேசுவது தெளிவாகக் கேட்கும். நீங்கள் ஒரு வார்த்தை விடாமல் கேட்க வேண்டும் என்பதுதான் என் ஆசை.

நான் கட்டட மேஸ்திரி. என்னைப் பொய்யன் என்று யாராவது உங்களிடம் சொல்லியிருக்கலாம். பொய் வேறு, கூட்டிச் சொல்வது வேறு. ஒருமுறை பத்தாவது மாடிச் சாரத்திலிருந்து கால் தவறி விழுந்தேன். விழுகிற வழியில் ஆறாவது மாடியில் பூசிக்கொண்டிருந்த கொத்தனாரிடம் நெருப்பு வாங்கிச் சுருட்டைப் பற்ற வைத்தேன். தரைக்கு வந்து சேரும்போது பாதிச் சுருட்டு மிச்சம் இருந்தது. இதைச் சொல்லும்போது எதிரில் ஒருவர் "அப்புறம்?" என்று கேட்டால் போதும், எனக்கு அன்றைக்குச் சோறு வேண்டாம். என் மருமகள் கேட்கமாட்டாள். நான் வாயைத் திறந்ததும் டிவி சத்தத்தைக் கூட்டுவாள். மகன் செருப்பைத் தேடுவான். பேரப்பிள்ளைகள் காதில் எதையோ மாட்டிக்கொள்ளும். அவர்கள்மேல் எனக்கு வருத்தம் இல்லை. எழுந்து போக ஓர் இடம் இருந்தால் மனிதர்கள் எழுந்து போகத்தான் செய்வார்கள்.

ஊரடங்கு வந்தபோது நாங்கள் பயணிகள் தங்கும் விடுதி ஒன்றைக் கட்டிக்கொண்டிருந்தோம். உலகத்தில் ஒருவரும் வீட்டு வாசலைத் தாண்டக் கூடாது என்று உத்தரவு. நாங்கள் அறை அறையாகக் கட்டினோம். எனக்கே சிரிப்பு வந்தது. வேலை தொடரலாமா கூடாதா என்று பெரிய இடங்களில் பேசிப் பேசி, கடைசியில் ஒரு விதி வந்தது: ஆட்கள் வேலையிடத்துக்குள்ளேயே தங்கினால் தொடரலாம், உள்ளே ஒருவருக்குக் காய்ச்சல் என்றாலும் மொத்தத்தையும் மூடிவிட வேண்டும்.

பொறியாளர் போனில் கேட்டார். "மேஸ்திரி, உண்மையைச் சொல்லுங்க. நிறுத்திடலாமா? எனக்கு மனசே சரியில்ல."

நல்ல மனிதர். என் பதிலைத்தான் நம்பியிருந்தார். நிறுத்தியிருந்தால் ஆட்கள் அவரவர் ஊருக்குப் போயிருப்பார்கள், நான் அந்த டிவிக்கு முன்னால் போய் உட்கார்ந்திருப்பேன். "எல்லாரும் இருக்கிறேன்னுதான் சொல்றாங்க சார்" என்றேன். ஒருவரையும் நான் கேட்கவில்லை. கேட்டைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டேன்.

அந்த நாட்களைப் போல நான் சந்தோஷமாக இருந்ததே இல்லை. சாயங்காலம் கை கால் கழுவிவிட்டு எல்லோரும் மணல் குவியலைச் சுற்றி உட்காருவார்கள். போக வேறு இடம் கிடையாது. கொத்தனார் மட்டும் முனகுவார்.

"ஆரம்பிச்சிட்டாரய்யா. மேஸ்திரி, இன்னைக்கு எந்த மாடியிலேர்ந்து விழப்போறீங்க?"

"நீ எழுப்புற சுவத்துமேல சாஞ்சேன்னு வை, எந்த மாடியும் வேணாம், அங்கேயே விழுந்திருவேன்."

அதிகம் சிரித்தது ஒரு சித்தாள் பெண். கம்பி கட்டுகிறவனின் மனைவி. கலியாணமாகி ஒரு வருஷம்கூட ஆகாத ஜோடி. என்னைத் தாத்தா என்று கூப்பிடுவாள். "அப்புறம் என்னாச்சு தாத்தா?" என்று அவள் கேட்பாள் பாருங்கள், அதற்காகவே எத்தனை மாடியிலிருந்து வேண்டுமானாலும் விழலாம்.

இந்த இடத்தில் கயிற்றைப் பற்றிச் சொல்ல வேண்டும். மேலே ஒரு கப்பி. அதன்மேல் ஓடும் கயிற்றின் ஒரு முனையில் வாளி, மறு முனை கீழே நிற்பவர் கையில். கலவை மிஷின் ஓடும்போது கத்தினால் காதில் விழாது. அதனால் மேலே இருப்பவன் வாளியைக் காலி செய்ததும் கயிற்றை இரண்டு தடவை இழுப்பான். இறக்கலாம் என்று அர்த்தம். எல்லா வேலையிடத்திலும் இதுதான் வழக்கம். கம்பிக்காரன் மட்டும், கீழே நிற்பது தன் மனைவி என்றால், இரண்டு இழுப்புக்குப் பிறகு சின்னதாக ஒரு சுண்டு சுண்டுவான். அவளுக்கு முகம் சிவந்துவிடும். மற்றவர்கள் கேலி பண்ணுவார்கள். அந்தச் சுண்டை நான் ரசித்துக் கவனித்திருந்தேன்.

அவனுக்குத்தான் காய்ச்சல் வந்தது.

"தாத்தா, கேட்டைத் தொறங்க. இவருக்கு மூச்சு இழுக்குது. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிடறேன்" என்றாள்.

நான் அவளை உட்கார வைத்துப் பேசினேன். ஆஸ்பத்திரியில் ஒரு கட்டிலுக்கு நாலு பேர், முறை வைத்துப் படுக்கிறார்கள் என்றேன். உள்ளே போனவர்களை அடையாளம் தெரியாமல் மாற்றி மாற்றி வீட்டுக்கு அனுப்புகிறார்கள். ஒருத்தி வேறு யாரோ ஒருவரோடு ஒரு வாரம் குடித்தனம் நடத்திவிட்டாள் என்றேன். அந்த அழுகையிலும் அவளுக்குச் சிரிப்பு வந்தது. பிறகு கிருமிக்கு உயரம் ஆகாது, நாலாவது மாடிக் காற்றில் தானாகச் செத்துவிடும் என்றேன்.

"நெசமாவா தாத்தா?"

"நான் பத்தாவது மாடியிலேர்ந்து விழுந்தவன்மா. உயரத்தப் பத்தி எனக்குத் தெரியாதா?"

பின்கட்டில் படிக்கட்டு மூன்றாம் மாடியோடு நின்றிருந்தது. அதற்கு மேலே ஏணிதான். அவனை நாலாவது மாடி அறைக்கு ஏற்றி, பாயும் ஒரு குடம் தண்ணீரும் வைத்தோம். விடுதியின் முதல் விருந்தாளி என்று சொன்னேன். அவனும் சிரிக்கப் பார்த்தான், இருமல் விடவில்லை. போனில் கிருமி ஒட்டும் என்று அவன் போனை வாங்கிக்கொண்டேன். இறங்கி வந்ததும் ஏணியை எடுத்துப் படுக்க வைத்தேன். பின்கட்டுப் பக்கம் யாரும் ஏறக் கூடாது என்று சொல்லிவிட்டு, நானே காவலுக்கு மூன்றாம் மாடியில் படுக்கையைப் போட்டேன். என் தியாகத்தைப் பற்றிக் கொத்தனாரே இரண்டு வார்த்தை நல்லபடியாகச் சொன்னார்.

சுகாதாரத் துறை அம்மா ஒருவர் கேட்டுக்கு வந்து எல்லோர் நெற்றியிலும் கருவியைக் காட்டினார். "ஒரு ஆள் குறையுதே?" என்றார். கம்பிக்காரன் முன்னாடியே ஊருக்கு நடந்துவிட்டான் என்றேன். அந்தச் சித்தாள் பெண் வாயைத் திறந்தாள். நான் அவளைப் பார்த்தேன். மூடிக்கொண்டாள். நான் மிரட்டவில்லை, ஒரு கட்டிலுக்கு நாலு பேர் என்ற கதை அவளுக்குள் நன்றாக இறங்கியிருந்தது, அவ்வளவுதான்.

அவள் வேளாவேளைக்குக் கயிற்றில் சாப்பாடும் தண்ணீரும் ஏற்றினாள். வாளி பச்சை வலைக்குப் பின்னால் நுழைந்துவிட்டால் கீழே இருப்பவர்களுக்கு ஒன்றும் தெரியாது. என் ஜன்னலைத் தாண்டி மேலே போகும். இரண்டு இழுப்பு, ஒரு சுண்டு. அவள் வேலைக்குப் போவாள்.

முன்கட்டுக்குத் தளம் போட்ட அன்று அது நடந்தது. தளம் போட ஆரம்பித்தால் நடுவில் நிறுத்த முடியாது. நிறுத்தின இடத்தில் பழைய கான்கிரீட்டும் புதியதும் ஒட்டாது, காலத்துக்கும் ஒழுகும். என் கையால் போட்ட தளத்தில் அப்படி ஒரு கோடு இருந்ததே இல்லை, இது கூட்டிச் சொல்வது இல்லை. சட்டிகள் கை மாறிக்கொண்டிருந்தன. நான் மூச்சு வாங்க மூன்றாம் மாடிக்கு வந்திருந்தேன். அவள் வரிசையை விட்டு வந்து வாளியை ஏற்றிவிட்டு நின்றாள். இழுப்பு வரவில்லை. கயிற்றைப் பிடித்தபடி அண்ணாந்து பார்த்தாள். கொத்தனார் கரண்டியை நிறுத்தினார். ஒவ்வொருவராகத் திரும்பிப் பார்த்தார்கள். மிஷின் மட்டும் சும்மா சுற்றிக்கொண்டிருந்தது.

"என்னங்க?" என்று கூப்பிட்டாள். பிறகு கேட்டுப் பக்கம் திரும்பினாள்.

நான் ஜன்னல் வழியாகக் கையை நீட்டினேன். இரண்டு இழுப்பு. சின்னதாக ஒரு சுண்டு.

அவள் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். வாளி இறங்கும்போது என் ஜன்னலில் பிடித்துக் காலி செய்து அனுப்பினேன். அவள் சட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு ஓடினாள். தளம் ஒரே மூச்சில் முடிந்தது. போய்ப் பாருங்கள், ஒரு கோடு இல்லை.

அவன் தூங்கியிருப்பான் என்று அப்போது நினைத்தேன். மேலே ஏறிப் பார்த்திருக்கலாமே என்கிறீர்கள். எனக்கு வயது என்ன ஆகிறது. கிருமி வயதானவர்களைத்தான் முதலில் பிடிக்கும் என்று உங்கள் ரேடியோதான் சொன்னது. அடுத்த வேளையும் மேலிருந்து இழுப்பு வரவில்லை. செத்துவிட்டான் என்று முடிவு செய்தேன். அதன் பிறகு வாளியை என் ஜன்னலிலேயே நிறுத்திக்கொண்டு, இழுப்பையும் சுண்டையும் நானே கொடுத்தேன். அவள் சமையல் நன்றாக இருக்கும். வீணாக்குவதற்கு மனம் வரவில்லை.

சாயங்காலம் அவனைப் பற்றித்தான் கதை. அவன் மேலேயிருந்து இன்று இதைச் சொன்னான், அதைச் சொன்னான் என்பேன். "உப்பு கொறைவாம்மா. பொண்டாட்டிக்கு என் நெனப்புல கை ஓடலபோலன்னு கேக்கச் சொன்னான்." அவள் வெட்கப்பட்டுக்கொண்டு மறுவேளை உப்பைத் தூக்கலாகப் போட்டு அனுப்பினாள். உண்மையிலேயே உப்பு குறைவாகத்தான் இருந்தது. என் வாழ்நாளில் அப்படிக் கேட்டவர்கள் கிடையாது. கொத்தனாரே "அப்புறம்?" என்று கேட்டார்.

புதுத் தளத்தில் காலையும் மாலையும் தண்ணீர் விட்டுத் தேக்கினோம். கான்கிரீட் காயக் கூடாது, காய்ந்தால் வெடிக்கும். குழாயைப் பிடித்துக்கொண்டு நின்றது பெரும்பாலும் அவள்தான். இதையும் எனக்கு எதிராக எழுதியிருக்கிறீர்கள் என்று கேள்விப்பட்டேன். எழுதுங்கள்.

அப்படி ஒரு மாலையில் நான் ஜன்னலோரம் அவன் சாப்பாட்டைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். கயிறு அசைந்தது. காற்று என்று நினைத்தேன். காற்று அப்படி இழுக்காது. நீளமாக ஓர் இழுப்பு. கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. மறுபடி ஒன்று. பிறகு சுண்டு வர வேண்டும். அது பாதியில் நின்றுவிட்டது.

நான் வாயில் இருந்ததை மென்று விழுங்கினேன். யோசித்தேன். அவள் முன்கட்டில் தளத்துக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தாள், பார்க்கவில்லை. மேலே ஒருவன் இழுக்க, கீழே ஒருவன் இழுக்க, ஒரு கயிற்றில் இரண்டு பேர் பதில் சொன்னால் அவள் குழம்பிப்போவாள். அவன் இறங்கி வந்தால் உப்பைப் பற்றி நான் ஒன்றுமே சொல்லவில்லையே என்பான். இத்தனை நாள் சொன்னது எல்லாம் பொய்யாகிவிடும். கேட்டவர்கள் முகத்தை நான் எப்படிப் பார்ப்பது?

கயிற்றை ஜன்னல் வழியாக உள்ளே உருவினேன். கொஞ்சம் இறுகியது, மேலே யாரோ பிடித்திருக்கிற மாதிரி. நான் பலமாக இழுக்கவில்லை. சும்மா பிடித்துக்கொண்டே இருந்தேன். பிறகு அது தானாக விட்டது. முனை கப்பியைத் தாண்டி வந்து விழுந்தது. சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு கீழே இறங்கினேன்.

"என்ன தாத்தா, கயிறு?" என்றாள்.

"அவனே அவுத்துப் போட்டுட்டான்மா. ஒடம்பு தேறிடுச்சாம், இனிமே வாளிச் சோறு வேணாமாம். காலையில தானே எறங்கி வந்து உன் கையால சாப்பிடறேன்னான்."

அவள் குழாயைப் போட்டுவிட்டு உட்கார்ந்து அழுதாள். சந்தோஷ அழுகை. கொத்தனார் கை தட்டினார். அன்றைக்கு நான் சொன்ன கதைதான் என் வாழ்க்கையிலேயே சிறந்தது; ஒருவர்கூட நடுவில் எழுந்திருக்கவில்லை. அவள் கேட்டுக்கொண்டே அவன் சட்டையைத் துவைத்துப் பிழிந்தாள்.

காலையில் அவள் எனக்கு முன்னால் எழுந்துவிட்டாள். ஏணியை அவளே தூக்கி நிறுத்தியிருக்கிறாள். சட்டை தோளில் இருந்தது. அவன் கப்பிக்குக் கீழே, விளிம்பிலிருந்து ஒரு சாண் தள்ளி, கையை நீட்டியபடி கிடந்தான் என்று நீங்கள்தான் சொன்னீர்கள். உள்ளங்கையில் கயிறு அறுத்த காயம் இருந்தது என்றும் சொன்னீர்கள். உடம்பில் சூடு போகவில்லை என்று அவள் சொல்கிறாள். அவள் இப்போது கொஞ்சம் கூட்டிச் சொல்கிறாள் என்று நினைக்கிறேன்.

அவன் உயிரோடு இருந்தது எனக்குத் தெரியுமா என்று மூன்றாவது தடவையாகக் கேட்கிறீர்கள். தெரியும். கயிறு இறுகினபோது தெரியும்.

நான் வாக்குமூலம் கொடுத்து முடிக்கும்வரை நீங்கள் இருவரும் இந்த அறையை விட்டுப் போகக் கூடாதாமே. கதவுகூட வெளியில் பூட்டியிருக்கிறது. நல்ல ஏற்பாடு. வீட்டில் இப்படி ஒன்று இருந்திருந்தால் நான் அந்தப் பையனைத் தொட்டிருக்கவே மாட்டேன். இப்போதும் தொடவில்லை, கயிற்றைத்தான் தொட்டேன்.