மைதானத்தில் கேட்ட தூஷணம்

நவம்பர் மாதத்து மாலை, லவால் போகும் மெட்ரோவில் எனக்கு எதிரே இரண்டு தமிழ்ப் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். கழுத்தில் சிலுவை போட்டிருந்தவர் சொன்னார்: "அவன் தூஷணம் கதைச்ச பிறகுதான் எனக்கு உயிர் வந்தது."

மற்றவர் திரும்பிப் பார்த்தார். "ஆர், உங்கடை மகனோ அக்கா?"

"ஓம். இண்டைக்கு அவங்கடை யூனிவர்சிட்டிக்கு ஃபுட்போல் ஃபைனல், கியூபெக் கப்புக்கு. அந்த ஹெல்மெட் போட்டு இடிபடுற விளையாட்டு. பந்தோடை ஓடின இவனை ரெண்டு பேர் சேந்து விழுத்திப் போட்டாங்கள். அப்பிடியே கிடந்தான். அசையேல்லை."

"பேந்து?"

"டொக்டர் ஓடிப் போனார். சனம் முழுக்க எழும்பி நிண்டது, ஒரு சத்தமில்லை. நான் முன் வரிசையிலை. செபமாலையைப் பிடிச்சன், ஒரு செபமும் வாயிலை வரேல்லை. அப்பதான் அவன் பிரெஞ்சிலை பேசத் தொடங்கினான். இஞ்சத்தைத் தூஷணம் உமக்குத் தெரியும்தானே, எல்லாம் கோயில் சாமான்ரை பேர்தான். பீடம், பாத்திரம், நற்கருணைப் பேழை எண்டு ஒண்டையும் மிச்சம் விடேல்லை."

"நீங்கள் என்ன செய்தனீங்கள்?"

"ஆண்டவரே தோத்திரம் எண்டு அழுதன். மூச்சுத்தான் அடைச்சதாம், வேறை ஒண்டுமில்லையாம்."

மற்றவர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "அப்ப ஆர் வெண்டது அக்கா?"



"ஆரோ கப்பைத் தூக்கிக்கொண்டு ஓடினாங்கள். அவன் தன்ரை காலாலை நடந்து போறதைத்தான் நான் பாத்துக்கொண்டு நிண்டனான்."