மூணாவது பல்பு

– கண்ணைத் தொற முபீனா. செத்தது நான் இல்ல, டப்பா.

– என்னாங்க பண்ணீங்க?

– ஒண்ணும் பண்ணல. ப்ளக்கைச் சொருவுனேன்.

– குண்டு மாதிரி வெடிச்சுது!

– தோ பாரு, பின்னாடி இந்த செவப்புப் பொத்தான் இருக்குதா? நூத்திப் பதினஞ்சா, இருநூத்தி முப்பதான்னு தள்ளிக்கிறது. உன்னாண்ட பேசிக்கினே தூசி தொடச்சனா, துணி பட்டு அந்தாண்ட போயிடுச்சி. அமெரிக்கா கரண்ட்டுக்கு வெச்சிட்டு கும்மிடிப்பூண்டி கரண்ட்டை உட்டா, டப்பா தாங்குமா?

– பதினெட்டு வருசமா இந்தத் தொழில் பண்றீங்க.

– அதான் சொல்றேன். புதுசா வந்தவன் இந்தத் தப்பைப் பண்ண மாட்டான். பயந்துகினு ரெண்டு தபா பாப்பான். பாக்காமயே சொருவுறதுக்கு அனுபவம் வேணும்.

– தமீமு! டேய் தமீமு!

– அப்பாவு அண்ணே, உன் ஜெராக்ஸ் கடையிலயும் போயிடுச்சா?

– வரிசை மொத்தமும் போயிடுச்சிடா! ஒருத்தரோட பட்டா மிஷின்ல பாதி உள்ள, பாதி வெளிய தொங்கிக்கினு நிக்குது. அந்தாளு தலையில கை வெச்சிக்கினு குந்திட்டாரு.

– பாதி நெலம் கைக்கு வந்துடுச்சில்ல? மீதிய கரண்ட் வந்ததும் குடுத்துடலாம்னு சொல்லுண்ணே.

– உன் வாயில ஷட்டரைப் போட்டுப் பூட்ட... ஆரு அது, உள்ள? முபீனாவாம்மா?

– ஆமாண்ணே. நல்லா இருக்கீங்களா?

– இருக்கேம்மா. இந்தக் கடையில உன்னைப் பாத்து மூணு வருசம் ஆவுது. சரி சரி, நீங்க பேசுங்க. நான் போயி மெயினைத் தூக்கி உடுறேன்.

– பாத்தியா, அண்ணனுக்கு உன்னைப் பாத்ததும் என் மேல இருந்த கோவம்கூட எறங்கிடுச்சி. இன்னா, வாயைப் பொத்திக்கினியே, நாத்தமா?

– ஆமா. கருகுன நாத்தம்.

– கண்டென்சர் வெடிச்சா அப்படித்தான். ரெண்டு நிமிசத்துல போயிடும். குந்து. அந்த ஸ்டூலுக்கு ஒரு காலு ஆடும், கடைக்காரனுக்குப் பொருத்தமா இருக்கட்டும்னு மாத்தல.

– குந்த வரல. மூணு டப்பா கொண்டாந்தேன், ஒண்ணைக் கொளுத்திட்டீங்க. மீதி ரெண்டையாவது பாத்துச் சொல்லுங்க. எங்க ஸ்கூல் லேபுக்கு, கம்ப்யூட்டருக்குக் கரண்ட் குடுக்குற இந்த எஸ்எம்பிஎஸ் டப்பா நாப்பது வந்து எறங்கியிருக்கு. தரம் சரியா இருக்குன்னு நாளைக்கு நான் கையெழுத்துப் போடணும்.

– திருவள்ளூர்ல மெக்கானிக்கே இல்லியா? பேசின் பிரிட்ஜ்ல எறங்கி வண்டி மாறி, இதைத் தூக்கிக்கினு இம்மாந்தூரம் வரணுமா?

– மூணு பேர்கிட்ட காட்டுனேன். ஒருத்தர் கையில தூக்கிப் பாத்துட்டு, நல்ல வெயிட்டு, நல்ல சரக்குன்னாரு. ஒருத்தர் பச்சை ஒயரையும் கறுப்பு ஒயரையும் சேத்து வெச்சாரு. ஃபேன் சுத்துச்சு. ஓகேன்னாரு. இன்னொருத்தர் லேபிளைப் படிச்சிட்டு ஐந்நூறு வாட்ஸ்னாரு. படிக்க எனக்கே தெரியும்.

– நாலாவதா இந்தக் கோமாளியாண்ட வந்த.

– நீங்க எல்லாத்துலயும் வெளையாடுவீங்க. டப்பா விசயத்துல மட்டும் பொய் சொல்ல மாட்டீங்க. அதுக்காக வந்தேன். வேற எதுக்கும் இல்ல.

– வேற எதுக்கும் இல்லன்னு நான் கேக்கவே இல்லியே.

– மேல சொல்லுங்க.

– சொல்றேன். ஆனா சும்மா சொல்ல மாட்டேன். டப்பா எப்படின்னு நான் நேரா ஒரு பதில் சொல்றேன். நீ எனக்கு நேரா ஒரு பதில் சொல்லணும். என்னை ஏன் உட்டுட்டுப் போன?

– ஜமாத்துல சொன்னேனே.

– "ஒத்துவரல." ஒத்த வார்த்தை. பெரியவங்க நாலு பேரு தாடியைத் தடவிக்கினு என்னைப் பாக்குறாங்க. நான் குடிக்கிறேனா, அடிக்கிறேனா, எதுலயும் ஒரு தெறமை கெடையாது. உங்க அத்தா பழவேற்காட்டுலேர்ந்து எறாலோட வந்து, "மாப்ள, நீங்களாவது சொல்லுங்க, எம் பொண்ணு ஏன் வந்துட்டா?"ன்னு என்னையே கேக்குறாரு. ஒத்துவரலங்கிறது லேபிளு முபீனா. உள்ள இன்னா இருக்குதுன்னு கேக்குறேன்.

– மொதல்ல டப்பாவைத் தொறங்க.

– அப்ப பதில் உண்டா?

– தொறங்க.

– கரண்ட்டும் வந்துடுச்சி. ஏய், கையை வெக்காத! ப்ளக்கைப் புடுங்கிட்டா எல்லாம் போயிடும்னு நெனைக்காத. கொஞ்ச நேரத்துக்கு உள்ளயே குந்திக்கினு இருக்கும். வெடிச்சதையே மொதல்ல பாப்போம், அதுக்கு வலிக்காது. ம்... தூக்கிப் பாத்து வெயிட்டுன்னாருல்ல உங்க ஊரு மெக்கானிக்கு? தோ, வெயிட்டு.

– இது என்னாது? சிமென்டா?

– சிமென்ட்டுக் கட்டி. கோந்து போட்டு ஒட்டி வெச்சிருக்கான். நல்ல டப்பான்னா உள்ள செம்பும் அலுமினியமும் இருக்கும், அதுவா கனக்கும். இவன் நெலைமையைப் பாத்தா மேஸ்திரி வேலைக்குப் போவ வேண்டியவன், வழி தவறி எலெக்ட்ரானிக்ஸுக்கு வந்துட்டான் போல. கவலைப்படாத, லேபுக்கு ஆவலன்னா நாப்பதையும் அடுக்கி உங்க ஸ்கூலுக்கு ஒரு கக்கூஸ் எழுப்பிடலாம்.

– ...

– அங்க இன்னா பாக்குற? சுவத்துல போன வருசக் காலண்டருதான் தொங்குது.

– ஒண்ணும் இல்ல. மேல சொல்லுங்க.

– தோ பாரு, இந்த எடத்துல ரெண்டு காயில் இருக்கணும். கரண்ட்டு ஏறி எறங்குனா தாங்கிக்கிறது அதான். எடம் விட்டிருக்கான். பேரும் அச்சடிச்சிருக்கான். பொருள் மட்டும் இல்ல. குட்டிக் கம்பி ஒண்ணைப் போட்டுத் தாண்டிட்டான்.

– பேரு இருக்கு. ஆளு இல்ல.

– ...ஆமா.

– அடுத்தது பாருங்க.

– பாக்குறேன். இந்த முழு டப்பாவுக்கு லோடு குடுக்கணும். ஃபேன் சுத்துறதெல்லாம் ஒரு சோதனையா? காத்தடிச்சா எங்க கடை போர்டுகூட சுத்துது. அந்த மரப்பலகையைத் தள்ளு. கார் ஹெட்லைட் பல்பு நாலு அடிச்சி வெச்சிருக்கேன். ஒவ்வொண்ணும் அம்பத்தஞ்சு வாட்ஸ். ஒண்ணொண்ணா போடுவேன், நீ மீட்டரைப் படி. பன்னெண்டு வோல்ட் லைனு. பதினொண்ணு புள்ளி நாலுக்குக் கீழ எறங்கக் கூடாது. இன்னா காட்டுது?

– பன்னெண்டு புள்ளி ஒண்ணு.

– சோக்கா இருக்குது. லோடு இல்லாதப்ப எல்லா டப்பாவும் பன்னெண்டு காட்டும். கல்யாணப் பத்திரிகையில மாப்ளைக்குப் போடுற படிப்பு மாதிரி. மொதல் பல்பு.

– பதினொண்ணு புள்ளி ஒம்போது.

– ரெண்டாவது. கண்ணு கூசும், பல்பைப் பாக்காத.

– பதினொண்ணு புள்ளி ஆறு.

– உங்க லேப் கம்ப்யூட்டர் ஒண்ணு இவ்ளோ இழுக்கும். இத்தோட நிறுத்திட்டா இது நல்ல டப்பா. நிறுத்தட்டா?

– மூணாவது போடுங்க.

– போட்டுட்டேன்.

– பதினொண்ணு... பத்து புள்ளி எட்டு. அஞ்சு. இன்னும் எறங்குது. ஒயரு சுடுதுங்க.

– கையை எடு! ஆஃப் பண்ணிட்டேன். பாத்தியா? ஐந்நூறு வாட்ஸ்னு லேபிளு. நூத்தி அறுவத்தஞ்சுலயே முட்டி மடங்கிடுச்சி.

– மூணாவதுலதான் தெரியுதில்ல.

– ம்.

– ரெண்டு வரைக்கும் நல்லாத்தான் இருந்துது.

– முபீனா, நாம இப்ப டப்பாவைப் பத்திதானே பேசிக்கினு இருக்கோம்?

– டப்பாவைப் பத்திதான். மூணாவது டப்பாவையும் போட்டுப் பாருங்க.

– ...இதுவும் அதே கதைதான். பத்து புள்ளி ஏழு.

– நேராச் சொல்லுங்க. ஜோக் இல்லாம.

– கையெழுத்துப் போடாத.

– அவ்ளோதானா?

– அவ்ளோதான். நாப்பது புள்ளைங்க முட்டிக்குப் பக்கத்துல இது சுட்டுக்கினு கெடக்கப் போவுது. போடாத.

– போடலன்னா எனக்கு வேலை இருக்காது. சரக்கு எறக்குனது கரஸ்பாண்டென்ட்டோட மச்சினரு.

– அது தெரிஞ்சேதான் வந்தியா?

– தெரிஞ்சேதான் வந்தேன். யாராவது ஒருத்தர் போடாதன்னு சொல்லணும். எனக்காத் தைரியம் வரல. இந்தாங்க, இந்த ஃபாரத்தை நெரப்புங்க. சோதிச்சவரு எழுதிக் கையெழுத்துப் போடணுமாம்.

– ஃபாரமா?

– ஆமா.

– என் கையில ஃபாரத்தைக் குடுக்க உனக்கு பயமா இல்லியா?

– எழுதுங்க.

– சரி. பொருள், எஸ்எம்பிஎஸ். சோதித்த எண்ணிக்கை, மூன்று. ஒண்ணு வெடிச்சுதே, அதுக்கு...

– "சோதனையில் பழுது"ன்னு போட்டுடுங்க. அந்தாளு சரக்குதானே.

– இல்ல. "சோதித்தவரின் தவறால் வெடித்தது." அந்த டப்பா ஃபிராடுதான், ஆனா அதைக் கொன்னது நானு. செய்யாத தப்பை அது மேல போட்டா, செஞ்ச தப்பையும் எவனும் நம்ப மாட்டான். முடிவு, நிராகரிக்கலாம். காரணம்... எடம் பத்தல, பின்பக்கம் எழுதட்டா?

– எழுதுங்க.

– எழுதிட்டேன். சிமென்ட்டு, காயில், வோல்ட்டு எல்லாம். பேரு, தமீம் அன்சாரி. அடுத்தது...

– ஏன் நிறுத்திட்டீங்க?

– தொழில்னு ஒரு கட்டம் இருக்குது முபீனா.

– மெக்கானிக்னு எழுதுங்க.

– அன்னிக்கும் இருந்துச்சி.

– தெரியும்.

– ஆஸ்பத்திரி ஃபாரம். நோயாளி பேரு ஜாஹிதா. வயசு ஆறு. அதுக்குக் கீழ தொழில். டெங்குல கெடக்குற ஆறு வயசுப் புள்ளைக்கு இன்னா தொழில்னு கேக்குறான். நான் "எங்க ஊட்டு மேனேஜர்"னு எழுதுனேன்.

– "சம்பளம் தினம் ஒரு கடலை மிட்டாய்"னும் எழுதியிருந்தீங்க.

– உனக்கு அது ஞாபகம் இருக்குதா?

– "லீவு தர மாட்டோம்"னு கடைசியில.

– ...அதான். அதை உன் கையில குடுத்துட்டு மருந்து வாங்கக் கீழ ஓடுனேன். திரும்பி வரும்போது எல்லாம் முடிஞ்சிடுச்சி. ஃபாரம் உன் மடியில கெடந்துச்சி, நீ சுவத்தைப் பாத்துக்கினு இருந்த. அன்னியிலேர்ந்து என் மூஞ்சியை நீ நேராப் பாக்கல. நாப்பதாம் நாள் ஓதி முடிச்சதும் பையைத் தூக்கிக்கினு கெளம்பிட்ட.

– ம்.

– எனக்கு பயம் வந்தா வாயி அப்படிப் போவுது முபீனா. கை நடுங்கிச்சின்னா யாரையாவது சிரிக்க வெச்சாவணும், இல்லன்னா நான் உழுந்துடுவேன். எம்மாந்தபா மாப்பு கேட்டேன். உங்க ஊட்டு வாசல்ல வந்து நின்னு கேட்டேன். புள்ள உள்ள மூச்சுக்குத் தவிக்குது, அப்பங்காரன் வெளிய ஃபாரத்துல கூத்தடிச்சான். அந்தக் கூத்துக்காகத்தான் போனன்னு சொல்லிடு. நான் ஏத்துக்குறேன்.

– அதுக்காக இல்ல.

– பின்ன? நான் நேராச் சொன்னேன்ல? உன் வேலையே போவும்னு தெரிஞ்சும் போடாதன்னு சொன்னேன்ல? இப்ப உன் மொறை.

– பேனாவைக் கீழ வைங்க. கை நடுங்குது.

– நடுங்கட்டும். நாத்தம் போயி அரை மணி நேரமாச்சி. இன்னும் ஏன் துப்பட்டாவால வாயைப் பொத்திக்கினு இருக்குற?

– நாத்தத்துக்காகப் பொத்தல.

– பின்ன எதுக்கு?

– கக்கூஸ் கட்டலாம்னீங்களே, அதுக்கு.

– புரியல.

– அன்னைக்கு நீங்க கீழ போன அப்புறம் அந்த ஃபாரத்தைப் படிச்சேன். படிச்சிட்டு வராந்தாவுல சத்தமாச் சிரிச்சேங்க. லீவு தர மாட்டோம்னு போட்டிருந்தீங்களே, அதுக்கு. சிரிச்சிக்கிட்டு இருக்கும்போதுதான் நர்ஸ் வந்து தோளைத் தொட்டாங்க. உங்க மூஞ்சியைப் பாத்தா எனக்கு இன்னமும் சிரிப்பு வருது. அதான் போனேன்.