காயப்போட்ட கூடாரம்

ராத்திரியில் தூக்கம் வராது என்பதைத் தவிர எனக்குக் கெட்ட பழக்கம் எதுவும் கிடையாது, ஐயா. குடிப்பதில்லை. தண்ணீர் மீட்டர் பழுதுபார்க்கும் வேலையிலிருந்து ஓய்வு பெற்று ஆறு வருடமாகிறது. மனைவி போய்ப் பதினொரு வருடம். பிள்ளைகள் இல்லை. ஊர் அடங்கியதும் தொப்பியை மாட்டிக்கொண்டு அடுக்குமாடிகளுக்கு நடுவே ஒரு சுற்று நடப்பேன்.

அன்றைக்கு எங்கள் முற்றத்தில், குழந்தைகளின் ஊஞ்சலுக்குப் பக்கத்தில், ஒரு கம்பளிக் கூடாரம் நின்றது. மாலையில் அது அங்கே இல்லை. அடுக்குமாடி முற்றத்தில் கூடாரம் முளைத்தால் என்ன அர்த்தம் என்று உங்களுக்குத் தெரியாததா? யாரோ செத்திருக்க வேண்டும். ஆனால் அழுகைச் சத்தம் இல்லை, தேநீர்ப் பானை இல்லை, ஒரு மனிதர் இல்லை.

உள்ளே போனேன். இடது பக்கத்தில், பிணத்தைக் கிடத்தும் இடத்தில், கோடு போட்ட திரை தொங்கியது. விலக்கிப் பார்த்தேன். விரிப்பும் போர்வையும் தலையணையும்தான் இருந்தன. பிணத்தைக் கொண்டுவருவார்கள் என்று காத்திருந்தேன். நம் நரின் மலை நகரத்து ஏப்ரல் குளிரைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. திரைக்குப் பின்னால் படுத்து, போர்வையைத் தலைவரைக்கும் இழுத்துக்கொண்டேன். பல வருடங்களுக்குப் பிறகு நன்றாகத் தூங்கினேன்.

விடியற்காலையில் ஒரு பெண் ஓலமிட்டு என்னை எழுப்பினாள். எங்கள் கட்டடத்தின் முதல் வாசலில் குடியிருக்கும் பாக்டிகுல். குப்பை கொட்ட வந்தவள் எட்டிப் பார்த்திருக்கிறாள். நம் வழக்கத்தில் முதலில் அழுவதுதான் மரியாதை. யார் என்று கேட்பது பிறகு. அரை மணி நேரத்தில் கூடாரம் நிறைந்துவிட்டது.

"யாருடி இது?"

"மெதுவா பேசுடி. மூணாவது வாசல்காரங்களோட ஆளாம்."

"மூணாவது வாசல்லேர்ந்துதானே நான் வர்றேன்! உங்க வாசல்னு சொன்னாங்களே?"

"எந்த வாசலா இருந்தா என்ன? நல்ல மனுஷன். ஒருத்தரையும் ஒரு சொல் சொன்னதில்ல. அழு."

அழுதார்கள், ஐயா. வெளியே ஆண்கள் வழக்கப்படி கம்பை ஊன்றி நின்று, "என் ஈரக்குலையே, எங்கள விட்டுட்டுப் போயிட்டியே" என்று கதறினார்கள். போர்வைக்குள் நானும் கொஞ்சம் அழுதேன். எழுந்திருக்க நினைத்தேன்தான். அப்போது இழவுச் சாப்பாட்டுக்குக் குதிரையை அறுத்துவிட்டார்கள் என்று காதில் விழுந்தது. அதற்கு மேல் எழுந்திருப்பது நாகரிகமாக இருக்காது.

மத்தியானம் பெண்கள் தேநீர் குடிக்கப் போனார்கள். திரையை விலக்கி ஒருவர் வந்தார். பெயர் ஓர்மோன் என்று பிறகுதான் தெரிந்தது. போர்வையைத் தூக்கினார்.

"யோவ், யாருய்யா நீ? செத்துட்டியா?"

"இன்னும் இல்ல."

"இது என் கூடாரம்யா. மழையில நனைஞ்சு போச்சு. எங்க முற்றம் சின்னதுன்னு இங்க கட்டிக் காயப்போட்டேன்." வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "ஈரக் கம்பளிக்குக் குதிரைய அறுத்திருக்கானுங்க! இரு, போய்ச் சொல்லிட்டு வர்றேன்."

"சாயங்காலம் சொல்லுங்களேன்," என்று கேட்டேன். மரியாதையாகத்தான் கேட்டேன்.

"அதுவரைக்கும் யாரால சிரிப்ப அடக்க முடியும்?"

அவர் போய்ச் சொன்னால் அவ்வளவு பேரும் தலைகுனிந்து வீட்டுக்குப் போவார்கள். யாருக்காகவும் யாரும் அழவில்லை என்றாகிவிடும். தலையணை கையருகே இருந்தது. அவர் என்னைவிடச் சின்ன உடம்புக்காரர். வெளியே அந்த நேரம் கிழக்குப் பக்கத்து ஊரிலிருந்து உறவுக் கூட்டம் ஒன்று கதறிக்கொண்டு வந்ததால் ஒரு சத்தமும் கேட்கவில்லை.

என் இடத்தில் அவரைப் படுக்கவைத்தேன். விரிப்பு இன்னும் சூடாக இருந்தது. பின்பக்கக் கம்பளியைத் தூக்கி வெளியேறி, சுற்றிவந்து, இடுப்பில் கை வைத்து முறைப்படி அழுதுகொண்டே வாசலுக்கு வந்தேன். எல்லோரும் என்னைக் கட்டிக்கொண்டார்கள். ஒருவர் தன் கம்பையே கொடுத்தார். இரவு முழுவதும் என்னைச் சுற்றி ஆட்கள்.

மறுநாள் காலையில் ஒரு பெண் புருஷனைத் தேடிக்கொண்டு வந்தாள். கூடாரத்தைக் கண்டதும் அவளும் வழக்கப்படி முதலில் அழுதாள். பிறகுதான் முகத்தைப் பார்த்தாள். அந்த இரண்டு அழுகைக்கும் வித்தியாசம் இருந்தது; ஒப்புக்கொள்கிறேன்.

நீங்கள் வருவதற்குக் கொஞ்சம் முன்னால் பாக்டிகுல் எனக்குத் தேநீர் கொண்டுவந்தாள். இருபத்திரண்டு வருடமாக அவள் வீட்டுக்கு நேர் மேல் வீட்டில் இருக்கிறேன். இரண்டு தடவை அவளுடைய மீட்டரைப் பழுதுபார்த்திருக்கிறேன்.

"அண்ணே, நீங்க எந்த ஊர்லேர்ந்து வந்திருக்கீங்க?" என்று கேட்டாள்.

தூக்கக் கலக்கம், பாவம். அவளும்தான் ராத்திரி முழுவதும் அழுதிருக்கிறாளே.

ஓர்மோனைக் கொன்றது நான்தான், ஐயா. எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன். ஒன்றை மட்டும் சரியாக எழுதிக்கொள்ளுங்கள். அத்தனை பேரும் அழுதது எனக்காக. அவர் என் இடத்தில் சும்மா படுத்திருந்தார்.