உட்காருதா?

சோப்புத் தண்ணீர் கலப்பதற்கும் ஒரு பக்குவம் வேண்டும் ஐயா. நுரை அதிகமானால் குமிழி எங்கே கிளம்புகிறது என்று தெரியாது, குறைந்தால் குமிழியே வராது. பேருந்துகளில் ஸ்பிரிங்குக்குப் பதிலாக ரப்பர் காற்றுப்பை இருக்கும். அதில் கசிவு இருக்கிறதா என்று எல்லாரும் சோப்புத் தண்ணீர் தடவித்தான் பார்ப்பார்கள். நான் இருபத்தாறு வருடம் காதால் பார்த்தேன். இன்ஜினை அணைத்து, பணிமனையில் எல்லாரையும் வாயை மூடச் சொல்லிவிட்டு, சக்கரத்துக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்காருவேன். அந்த 'இஸ்' சத்தம் பையிலிருந்தா, குழாயிலிருந்தா, வண்டியின் உயரத்தைச் சமன் செய்யும் வால்விலிருந்தா என்று சொல்லிவிடுவேன். அதனால் என் பட்டப்பெயரே 'காது'.

மாப்பிள்ளையும் அங்கேதான் வேலை பார்த்தார். என் தங்கச்சி வீட்டுக்காரர். நல்ல மனிதர், இதை நீங்கள் கேட்காமலே சொல்கிறேன்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் அந்தச் சத்தம் எனக்குக் கேட்காமல் போனது. யாரிடமும் சொல்லவில்லை. 'காது'க்கே காது போய்விட்டது என்றால் பணிமனை வயிறு வலிக்கச் சிரிக்கும். வழக்கம்போல உட்கார்ந்து, கண்ணை மூடி, வாய்க்கு வந்ததைச் சொன்னேன். பெரும்பாலும் பை என்றேன். பெரும்பாலும் பையாகத்தான் இருந்தது.

பிறகு ஒரு வண்டி வந்தது. தினமும் காலையில் பின்பக்க இடது மூலை தாழ்ந்து கிடக்கும். பை என்றேன், மாற்றினார்கள். மறுநாளும் தாழ்ந்தது. புதுப் பையே சரியில்லை என்றேன், அதையும் மாற்றினார்கள். மூன்றாவது முறை நான் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தபோது மாப்பிள்ளை அந்தப் பக்கமாக வந்தார்.

"வால்வுல இந்தக் கத்து கத்துதே மச்சான், கேக்கலையா?"

சூதுவாது இல்லாமல்தான் கேட்டார். ஆனால் ஃபோர்மேன் பக்கத்தில் நின்றிருந்தார். சோப்புத் தண்ணீர் வந்தது. வால்வில் எலுமிச்சம்பழம் அளவுக்குக் குமிழி. "இத்தன நாளா யாருக்குங்க காது குத்துனீங்க?" என்றார் ஃபோர்மேன். எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். அதற்குப் பிறகு யாராவது "காதைக் கூப்பிடு" என்றால் நான் திரும்புவேன். அவர்கள் மாப்பிள்ளையைக் கூப்பிட்டிருப்பார்கள்.

மாப்பிள்ளை அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்தார். "இனிமேலும் நீங்களே உட்காருங்க மச்சான். ஏதோ ஒரு தடவ தப்பிப்போச்சுன்னு நினைச்சுக்குவாங்க. நான் பின்னால நின்னு தோள்ல தட்டறேன். ஒரு தட்டுன்னா பை, ரெண்டு தட்டுன்னா வால்வு. யாருக்கும் தெரியாது" என்றார். கேலி செய்திருந்தால் பொறுத்திருப்பேன். இதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. எட்டு மாதம் தோளைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

எங்களிடம் இரண்டு சொல் உண்டு. வண்டி தாழ்ந்தால் 'உட்காருது', உயரம் மாறாவிட்டால் 'நிக்குது'. காற்றை மட்டும் நம்பி நிற்கிற வண்டிக்கு அடியில் போகக் கூடாது, இரும்புத் தாங்கி கொடுத்துவிட்டுத்தான் போக வேண்டும் என்று சுவரிலேயே எழுதியிருக்கிறது. ஆனால் ஒரு நிமிட வேலைக்கு யார் தாங்கியை உருட்டிக்கொண்டு வருவது? ஒருவர் அடியில் போவார். இன்னொருவர் வெளியே நின்று சக்கரத்துக்கும் மட்கார்டுக்கும் நடுவில் உள்ள இடைவெளியைப் பார்த்துக்கொள்வார். உள்ளே இருப்பவருக்கு அது தெரியாது. அவர் "உட்காருதா?" என்று கேட்பார், வெளியே இருப்பவர் பதில் சொல்வார். அந்தப் பதில்தான் தாங்கி.

அது நடந்த அன்று காலை ஒரு வண்டியின் வால்வைப் பார்க்க வேண்டியிருந்தது, மற்றவர்கள் டீ குடிக்கப் போயிருந்தார்கள். மாப்பிள்ளை தாங்கி எடுக்கத் திரும்பினார். "எதுக்கு, நான் பாத்துக்கறேன், போங்க மாப்பிள்ள" என்றேன். அவர் மல்லாந்து படுத்து, அச்சுக்கும் வண்டிச் சட்டத்துக்கும் நடுவில் நெஞ்சு வரைக்கும் நுழைந்து, வால்வை அசைத்துப் பார்த்தார். இடைவெளி ஆறு விரல் இருந்தது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஐந்தானது.

மீதியை உங்கள் ஆட்களே எழுதி வைத்திருக்கிறார்கள். 'அடியில் இருந்தவர் கூப்பிட்டது, செவித்திறன் குறைந்த இவருக்குக் கேட்கவில்லை.' டாக்டரின் காகிதத்தையும் சேர்த்திருக்கிறார்கள். என்னைப் பார்த்தால் எல்லாருக்கும் பாவமாக இருந்தது. நானும் பேசாமல் இருந்துவிட்டேன்.

போன வாரம் தங்கச்சி வந்தாள். காதில் மாட்டுகிற மெஷின் ஒன்றை என் கையில் வைத்தாள். "உனக்குக் காது மந்தமாயிருக்குன்னு எனக்குத் தெரியும்ணே. அப்பவே இத வாங்கிக் குடுத்திருந்தா அவரு இருந்திருப்பாரு. நான்தான் அசட்டையா இருந்துட்டேன்" என்று அழுதாள். அவளைத் தேற்ற என்னிடம் இருந்த ஒரே வார்த்தையை அவளிடம் சொல்ல முடியவில்லை. அதனால்தான் இந்த ஸ்டேஷனுக்கு வந்தேன்.

அந்த டாக்டர் காகிதத்தைக் கொஞ்சம் சரியாகப் படியுங்கள் ஐயா. எனக்குப் போனது மெல்லிய, கூர்மையான சத்தம் மட்டும்தான். பேச்சு கேட்கும். ஆம்பளைக் குரல் நன்றாகவே கேட்கும்.

"சத்தம் பலமாயிருச்சு மச்சான். உட்காருதா?"

"இல்ல, நிக்குது."

அதை யோசித்துச் சொல்லவில்லை. நாலு விரலானபோது மறுபடியும் கேட்டார். நானும் மறுபடியும் அதையே சொன்னேன். அதை யோசித்துத்தான் சொன்னேன். கை ஓடவில்லை, கால் ஓடவில்லை என்பார்களே, அப்படி எல்லாம் ஒன்றும் இல்லை. தாங்கி எட்டடி தூரத்தில் இருந்தது, என்னால் நடக்க முடிந்தது.

மூன்றாவது தடவை அவர் ஒன்றும் கேட்கவில்லை. "மச்சான்" என்றார், அவ்வளவுதான். குரல் கொஞ்சமாகத்தான் வந்தது, அதுவும் எனக்குக் கேட்டது. அப்போது இடைவெளி இரண்டு விரல். "உட்காருது மாப்பிள்ள" என்றேன்.

கடைசியில் அண்ணன் உண்மையைத்தான் சொன்னான் என்று தங்கச்சியிடம் சொல்லிவிடுங்கள் ஐயா.