ஆறு தப்படி வரை நாலடி

வாத்துக்குப் பொரி போடக்கூடாது. பலருக்கு இது தெரிவதில்லை. பொரி வயிற்றுக்குள் போய் ஊதிக்கொள்ளும். தவிட்டில் கொஞ்சம் பழைய சோற்றைப் பிசைந்து வைத்தால் போதும். அல்லி ஏரியில் பதினோரு வாத்துகளை நான் அப்படித்தான் வளர்த்தேன். மூன்று வருஷத்தில் ஒன்றுகூடச் சாகவில்லை. இதை முதலில் சொல்வதற்குக் காரணம் உண்டு, இன்ஸ்பெக்டர் ஐயா. ஓர் உயிர் துடிப்பதைப் பார்த்துக்கொண்டு சும்மா நிற்கிற சுபாவம் எனக்குக் கிடையாது.

நீங்கள் கேட்டது ஒரே கேள்வி. கரையில் 'ஆழம் நாலடி' என்று இருக்கும் போர்டை வைத்தது யார்? அந்தோணிசாமி கொடுத்த மனுவில் அவ்வளவுதான் இருக்கிறது என்றீர்கள். வைத்தது நான்தான். அதை மட்டும் சொல்லி நிறுத்தினால் பாதி உண்மைதான் ஆகும். அதனால்தான் காகிதம் கேட்டு வாங்கினேன். டீக்கும் நன்றி.

என் பெயர் உத்திராபதி. கடலூரிலிருந்து சிதம்பரம் போகும் சாலையில் அல்லி நகருக்கு மனை பிரித்த நாளிலிருந்து, அதாவது 2006 முதல், நான் அங்கே சூப்பர்வைசர். அல்லி, குவளை, தாமரை என்று மூன்று ஏரிகள். மூன்றும் வெட்டியவை. நோட்டீசில் 'அலை வராத தண்ணீர்' என்று போட்டிருந்தோம். அந்த வாசகம் என்னுடையது. சுனாமிக்குப் பிறகு கடலூர்க்காரர்களுக்கு அதைவிட நல்ல வார்த்தை சொல்ல முடியாது.

என் மனைவி மங்கலம் அன்றைக்குத் தேவனாம்பட்டினத்தில் கழுத்தளவு தண்ணீரில் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றவள். அதன்பிறகு வாளி நிறைய தண்ணீர் இருந்தால் குளிக்கமாட்டாள். குழாயைத் திறந்து சொம்பில் பிடித்துப் பிடித்து ஊற்றிக்கொள்வாள்.

அல்லி ஏரிக்கு பிளானில் நாலடி ஆழம். ஆனால் தாழ்ந்த மனைகளை மேடாக்க மண் போதவில்லை. பொக்லைன் வைத்து நடுவிலிருந்து எடுத்தோம். கரையிலிருந்து ஆறு தப்படி வரை நாலடி. ஏழாவது தப்படியில் இருபத்திரண்டு. அளவுகோலைப் பிடித்தவன் நான்.

போர்டு எழுதும் கொளஞ்சி கேட்டான். "சார், நாலுன்னு எழுதிட்டேன். மாத்திடவா?"

அன்றைக்குத்தான் மங்கலம் முதல்முறையாக ஏரியைப் பார்க்க வந்திருந்தாள். என் சட்டையைப் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டு, "ஏங்க, எவ்ளோ ஆழம்?" என்றாள். நாலடிதான் என்றேன். சட்டையை விட்டாள். கரையில் போட்டிருந்த பெஞ்சில் போய் உட்கார்ந்து, தண்ணீரைப் பார்த்துக்கொண்டே என்னிடம் ஒரு வேர்க்கடலைப் பொட்டலம் கேட்டாள். இரண்டு வருஷம் கழித்து அவள் தண்ணீரைப் பார்த்து உட்கார்ந்தது அன்றைக்குத்தான். போர்டு அப்படியே இருக்கட்டும் என்று கொளஞ்சியிடம் சொன்னேன். ஒருவரைப் பயமில்லாமல் இருக்க வைப்பதைவிடப் பெரிய தர்மம் உண்டா? மேலும், ஆறு தப்படி வரை அந்த போர்டு சத்தியம்.

அந்தோணிசாமி பெடல் போட் பார்த்துக்கொள்ள வந்த ஆள். அலையில் கட்டுமரத்தை இழந்தவர். வந்த அன்றைக்கே மூங்கிலை விட்டுப் பார்த்துவிட்டார். "நாலடின்னு போட்டுருக்கீங்க, என் மூங்கிலுக்கே மூச்சு முட்டுது சார்" என்று சிரித்தார். பயமுறுத்தாதே என்றேன். "கடலு வர்றேன்னு சத்தம் போட்டுட்டு வரும் சார். இது வாயத் தொறக்காது." மறுநாளே லாரி டியூப் ஒன்றில் கயிறு கட்டிக் கரையில் தொங்கவிட்டார். அதைப் பார்த்து மங்கலம், "இது எதுக்குங்க?" என்று கேட்டாள். பிள்ளைகள் விளையாட என்றேன்.

என் அக்கா மகள் கயல்விழிக்குத் திருவந்திபுரம் மலையில் கல்யாணம் நடந்தது. தாய்மாமன் சீராக அல்லி ஏரியைப் பார்த்த மூலை மனையை நான்தான் முடித்துக்கொடுத்தேன். மாப்பிள்ளை அறிவுமதி பள்ளிக்கூட வாத்தியார். நல்ல பையன். மழையில் நனைகிற நாயைக்கூட வீட்டுக்குள் விடுவான். நீச்சல் தெரியாது.

போன வருஷம் தை மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை. மனை பார்க்கப் பண்ருட்டியிலிருந்து பன்னிரண்டு குடும்பங்கள் வேனில் வருவதாக இருந்தது. வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து பூசைக்குப் போகாத அந்தோணிசாமியை, போய்ட்டு வாங்க என்று அனுப்பினேன். அவர் கண் கலங்கிவிட்டது. அவர் போனபிறகு டியூபைக் கழற்றி ஷெட்டில் வைத்தேன். வருகிறவர்கள் அதைப் பார்த்து எதையாவது நினைத்துக்கொள்ளக் கூடாது.

பதினோரு மணிக்கு ஒரு வாத்து நைலான் நூலில் கால் சிக்கி அடித்துக்கொண்டது. பெஞ்சிலிருந்த மங்கலம் பார்க்க முடியாமல் எழுந்து வீட்டுக்குப் போய்விட்டாள். அறிவுமதி பேண்ட்டைச் சுருட்டிக்கொண்டு வந்தான்.

"மாமா, அத்தை அழுவுறாங்க. நான் போயி அவுத்து விட்டுடறேன்."

இறங்கினான். பண்ருட்டிக்காரர்கள் கரையில் நின்று பார்த்தார்கள். "வாத்தியாரு வாத்துக்கும் பாடம் எடுக்கப் போறாரு" என்று ஒருவர் சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். நான் தப்படிகளை எண்ணிக்கொண்டிருந்தேன். ஆறாவதில் நின்று திரும்பினான். தண்ணீர் மார்புக்கு வந்திருந்தது.

"மாமா, நாலடிதானே?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். தலையாட்டினேன்.

அவன் எட்டி அவிழ்க்க, வாத்தின் கால் நூலிலிருந்து விடுபட்டது. அவன் கை அதை விட்டதும் கால் ஏழாவது தப்படிக்குப் போனது; அவன் தலை மறைந்தது. ஒருமுறை மேலே வந்து என்னைப் பார்த்தான். அந்தோணிசாமியின் மூங்கில் என் காலடியில் கிடந்தது. பதினெட்டு அடி மூங்கில், அவனுக்கு எட்டியிருக்கும். ஆனால் அதைத் தண்ணீரில் விட்டால் எவ்வளவு தூரம் உள்ளே இறங்குகிறது என்று பன்னிரண்டு குடும்பமும் பார்த்துவிடும். அவர்கள் வழியாக மங்கலம் காதுக்கும் போகும். "குனிஞ்சு நூலை எடுக்கறாரு" என்று சொன்னேன். எல்லோரையும் குவளை ஏரிப் பக்கம் கூட்டிக்கொண்டு போனேன். அங்கே டீ கொடுத்தோம். கைக்குழந்தை வைத்திருந்த ஒரு அம்மாவுக்கு நானே நாற்காலி தூக்கிப் போட்டேன்.

பூசை முடிந்து வந்த அந்தோணிசாமிதான் மூழ்கி அவனை எடுத்து வந்தார். "சார், அடியில கெடந்தாரு" என்று மட்டும் சொன்னார். உங்களுக்கு முன்பு இருந்த இன்ஸ்பெக்டரிடம், காக்காய்வலிப்பு என்று நான் எழுதிக் கொடுத்தேன். நாலடித் தண்ணீரில் ஆள் சாக வேறு காரணம் பொருந்தாது. "அவருக்கு அப்படி வந்ததே இல்லையே மாமா" என்றாள் கயல்விழி. பிறகு, மாமா சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று அவளே சமாதானம் ஆனாள். ஆழம், ஆழம் என்று அந்தோணிசாமி ஊரெல்லாம் சொன்னபோது, அவர் குடிக்கிறார் என்று சொல்லி வேலையை விட்டு நிறுத்தினேன். அவர் குடிப்பதில்லை. இதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

வாத்து பிழைத்துக்கொண்டது.

ஆகவே அறிவுமதி சாவுக்கு நான்தான் பொறுப்பு. மறுக்கவில்லை. எந்தத் தண்டனையும் சரி. நாளைக் காலை ஆளனுப்பி போர்டை மாற்றப்போவதாகச் சொன்னீர்கள். அதில் மட்டும் ஒரு வேண்டுகோள்.

சாயங்காலமானால் கயல்விழி தன் குழந்தையை மங்கலத்திடம் விட்டுவிட்டு டியூஷன் எடுக்கப் போகிறாள். நாலு வயசுப் பெண். இரண்டு பேரும் அந்த பெஞ்சுக்குக் கீழே படியில் உட்கார்ந்து தண்ணீரில் காலை ஆட்டிக்கொண்டிருப்பார்கள். "எறங்கி வெளையாடு கண்ணு, நாலடிதான், பாட்டி புடிச்சுக்கறேன்" என்று மங்கலம் சொல்வதை நேற்றுகூடக் கேட்டேன். சுனாமிக்குப் பிறகு அவள் குரல் அவ்வளவு தெளிவாக இருந்து நான் கேட்டதில்லை. புது போர்டை ஏரியைச் சுற்றி எங்கே வேண்டுமானாலும் வையுங்கள் ஐயா. அந்த பெஞ்சுக்கு எதிரே மட்டும் வேண்டாம். அவள் பயந்துவிடுவாள்.