பசியில் பட்டம் வாங்கினவன்

— வலையை நல்லா உதறிப் பாருடா. குஞ்சு ஒண்ணுகூடவா இல்ல?

— இல்லக்கா. ஆனா சிக்கினதெல்லாம் பாரேன், எவ்ளோ பெருசு!

— பெருசு இருக்கட்டும். குளம் நிறைய விட்டோம், வந்திருக்கறது ஒரு கூடை. மிச்சமெல்லாம் எங்க போச்சு, டாக்டர்?

— டாக்டர்னு கூப்பிடாதக்கா. இன்னிக்கு வேணாம்.

— ஏன்? மீனோட பசியைப் பத்தியே படிச்சுப் பட்டம் வாங்கினவனாச்சே! தீனி லாரி ஒழுங்கா வரலன்னு நான் கையைப் பிசைஞ்சப்ப என்ன சொன்ன?

— அதாவது... பட்டினி கிடந்த மீனுக்குத் திரும்பத் தீனி கிடைச்சா, வழக்கத்தைவிட அதிகமா தின்னு, விட்ட வளர்ச்சியைப் பிடிச்சிரும்னு...

— லாரி வந்த அப்புறமும் போட விடலியே நீ! "இன்னும் கொஞ்சம் பசிக்கட்டும்க்கா"ன்னு படம் வேற வரைஞ்சு காட்டின.

— படம் சரிதான். மீன்தான் மாறிப்போச்சு.

— எனக்குப் புரியற மாதிரி சொல்லு.

— நான் ஆராய்ச்சி பண்ணது கெண்டை மீன்க்கா. அது சாது. தீனி இல்லன்னா சேத்தைக் கிளறும், பாசியைக் கடிக்கும், எப்படியோ ஓட்டிரும். நம்ம குளத்துல இருக்கறது விரால்.

— விரால் ஓட்டாதா?

— ஓட்டும். பக்கத்துல நீந்தறதை வெச்சு.

— அடப்பாவி! ஒண்ணை ஒண்ணு தின்னுடுச்சா?

— பெருசு சின்னதை. பசின்னா எல்லா மீனுக்கும் ஒண்ணுதானேன்னு நினைச்சேன் பாரு, என்னைச் சொல்லணும். என் பட்டத்தைச் சட்டம் போட்டு மாட்டியிருக்கியே, அதைக் கழட்டிட்டு அந்த ஆணியில வலையை மாட்டு. உருப்படியா ஒரு வேலை நடக்கும்.

— வலை கனம்டா. அந்த ஆணி தாங்காது.

— சிரிக்கிறியாக்கா? உன் உழைப்பு மொத்தமும் போச்சு.

— அழுதா நீ தாங்க மாட்டியேன்னுதான் சிரிக்கிறேன்.

— மிச்சம் இருக்கறதுக்கு இப்பவே தீனி போடு, காப்பாத்திரலாம். ஒரே ஆறுதல், என் லட்சணம் இந்தக் குளத்தோட போச்சு. வெளியில ஒருத்தருக்கும் தெரியாது... ஏன்க்கா, முகம் ஏன் இப்படிப் போகுது?

— டேய்... எனக்குப் பெருமை தாங்கலடா. என் தம்பி கண்டுபிடிச்சதுன்னு சொல்லி, இங்க விரால் வளக்கறவங்க ஒருத்தர் விடாம எல்லாரையும் தீனியை நிறுத்த வெச்சிட்டேன்.